பன்றித் தீவனத்துக்குச் சோளம்

மக்காச்சோளம் விலை ஏறும் நாட்களில் பன்றிப் பண்ணை வைத்திருப்போர் நம் வெள்ளைச் சோளத்தைத் தாராளமாக நம்பலாம். எரிசக்தியில் அது மக்காச்சோளத்துக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். வளரும் பன்றிக்கும் விற்பனைக்காகக் கொழுக்க வைக்கும் பன்றிக்கும் மக்காச்சோளத்துக்குப் பதில் முழுவதும் சோளமே போடலாம்.

ஆனால் முழு மணியாகக் கொட்டிவிடாதீர்கள். சோள மணி சிறியது, கெட்டியானது. பல்லில் அரைபடாத மணி செரிக்காமல் அப்படியே கழிவில் வந்துவிடும். செலவழித்த காசும் அதோடு போகும். அரைவை இயந்திரத்தில் 3 மில்லிமீட்டர் சல்லடை போட்டு அரைத்தால் போதும். மைய அரைத்தால் தூசி பறக்கும், பன்றியின் இரைப்பையில் புண்ணும் வரலாம்.

அடுத்தது புரதம். சோளத்தில் 9 முதல் 10 விழுக்காடு புரதம் உண்டு. ஆனால் தசை வளரத் தேவையான லைசின் அதில் மிகக் குறைவு. கடலைப் பிண்ணாக்கு மட்டும் சேர்த்தால் அந்தக் குறை தீராது, அதிலும் லைசின் குறைவுதான். சோயாப் பிண்ணாக்கோ மீன்தூளோ கட்டாயம் வேண்டும்; எடை ஏறிவரும் இளம் பன்றிக்கு இன்னும் கூடுதலாக.

குருவி கொத்தாத துவர்ப்புச் சோள ரகங்களை வாங்க வேண்டாம். அவற்றிலுள்ள டானின் புரதம் செரிப்பதைக் கெடுக்கும். பூசணம் பிடித்த மணியும் கூடாது.

இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு இறந்ததைப் பார்த்தவர்கள் தானியத்துக்கும் அஞ்சுவார்கள். அந்த நஞ்சு இளம் பயிரில்தான். முற்றிக் காய்ந்த மணிக்கு அந்தப் பயம் தேவையில்லை.