வெளிச்சத்தைப் பிடித்தவர்கள் – 9: லிங்கி ஆற்று ஈயம்

போன வாரம் ஓவியர் மோனேயின் வைக்கோல் போர்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் செசானின் ஆப்பிள்கள் என்று சொல்லியிருந்தேன். ஆப்பிள் கொஞ்சம் பொறுக்கட்டும். நாளை பக்கம் அச்சுக்குப் போகிறது, என் புத்தியோ ஒரு வண்ணக் குழாயில் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் பின்பக்கத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குகிறார்களே, அந்த டியூப்தான். அது வருவதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, வாயை நூலால் கட்டி விற்றார்கள். ஆணியால் குத்திப் பிதுக்கி, அந்த ஆணியாலேயே ஓட்டையை அடைக்க வேண்டும். காற்றுப் பட்டால் வண்ணம் இறுகிப் போகும். வழியில் பை வெடித்தால் சட்டை போச்சு. இதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? வெளியே போய்க் குறிப்பு மட்டும் எடுத்து வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து மலையையும் மரத்தையும் வரைந்து முடிப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

1841இல், லண்டனில் இருந்த ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் இதற்கு முடிவு கட்டினார். மெல்லிய உலோகக் குழாய் ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கினார். உலோகம் எது? நம் மலாயாச் சுரங்கங்களில், அதாவது லம்பங்களில், தோண்டிய அதே வெள்ளீயம்; சுருக்கமாக ஈயம் என்போம். அழுத்தினால் மடங்கும், மடித்தால் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கும் எண்ணெயைக் கெடுக்காது. இந்தக் குழாய் இல்லாவிட்டால் மோனேயும் இல்லை, செசானும் இல்லை என்று ஓவியர் ரெனுவார் சொன்னதாக அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார்.

இனி நம் ஊருக்கு வருவோம், பாரிஸ் வழியாக. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிசில் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி திறந்தது. மோனேயின் துறைமுகச் சூரியோதயம் அங்கேதான் மாட்டியிருந்தது: மூடுபனி, ஒரு செஞ்சூரியன், தண்ணீரில் சில ஆரஞ்சுத் தீற்றல்கள். முழுசாக முடிக்காத படம் என்று கேலி செய்தார்கள். ரப்பர் தோட்டத்தில் காலைப் பிரட்டு முடிந்து பனியோடு நிரைக்குப் போனவர்கள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே ஏப்ரலில்தான், இங்கே மலாயாவில், சுங்கை ஊஜோங்கின் தலைவர் டத்தோ கிளானா பிரிட்டிஷ்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். எதற்கு? லிங்கி ஆற்றை ஈயப் படகுகளுக்குத் திறந்து வைக்க. இன்றைய சிரம்பான் பக்கத்து லம்பங்களில் சீனத் தொழிலாளர்கள் தோண்டிய ஈயம் அந்த ஆற்று வழியாகத்தான் மலாக்கா போனது. கரை நெடுகச் சுங்கம், சுங்கத்துக்காகச் சண்டை. அங்கிருந்த இன்னொரு தலைவரான டத்தோ பண்டார் உடன்படிக்கைக்கு இணங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் பின்னாளில் நிரை பிடித்த கித்தாக் காடு அப்போது கிடையாது. சிங்கப்பூருக்கு 22 கித்தாக் கன்றுகள் வந்து சேர்ந்ததே 1877இல்தான். பாரிசில் அது மூன்றாவது கண்காட்சி நடந்த வருடம்.

மோனே பிதுக்கிய டியூபில் லிங்கி ஈயம் இருந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. கார்ன்வால் ஈயம், பாங்கா ஈயம், நம் ஈயம் எல்லாம் ஒரே சந்தையில்தான் கலந்தன. அந்த நூற்றாண்டு முடிகிறபோது உலக ஈயத்தில் சுமார் பாதி மலாயாவிலிருந்து போனது. பிரெஞ்சு வயல்வெளி ஓவியங்களைப் பற்றிப் பேசும் தடித்தடிப் புத்தகங்களில் சூரியனுக்கு இருக்கிற இடம் சுரங்கத்துக்கு இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

ஆப்பிளுக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு காய்கறிக் கதை. 1880இல் மானே (மோனே அல்ல, இவர் வேறு ஓவியர்) ஒரு கட்டு அஸ்பாரகஸ் தண்டுகளை வரைந்து 800 பிராங்க் விலை சொன்னார். வாங்கிய ஷார்ல் எஃப்ருசி 1,000 பிராங்க் அனுப்பிவிட்டார். மானே சும்மா இருப்பாரா? ஒற்றைத் தண்டை மட்டும் ஒரு சின்னத் துணியில் வரைந்து, கட்டிலிருந்து ஒன்று நழுவிவிட்டது என்று எழுதி அனுப்பினார். அந்தக் கொசுறு இன்று பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் தனியாகத் தொங்குகிறது. கட்டு இருப்பது ஜெர்மனியின் கொலோனில்.

அடுத்த வாரம் செசான். பழம் அழுகுகிற வேகத்துக்கு அவர் தூரிகை ஓடாது.