தேக்கரண்டி

கேமரன் மலையில் உள்ள கோலா தெர்லா தேயிலை விளையும் ஊர். அங்குக் கொய்யப்படும் கொழுந்து தேயிலையாகிறது; தேயிலை தேநீராகிறது; தேநீரில் சீனியைக் கலக்கத் தேக்கரண்டி உதவுகிறது. இம்மூன்று சொற்களுக்கும் 'தே' என்பதே முதல் உறுப்பு.

'தே' என்பது தென்கிழக்குச் சீனாவின் ஹொக்கியன் மொழிச் சொல். டச்சு வணிகர்கள் தேயிலையோடு இச்சொல்லையும் கடல் வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தில் அது 'டீ' ஆயிற்று. 'ஸ்பூன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் மரச்சீவல் என்று பொருள். இவ்விரு சொற்களும் இணைந்து 'டீஸ்பூன்' என்னும் கூட்டுச்சொல் உருவானது. 1686ஆம் ஆண்டு லண்டன் கெசட் இதழில் வந்த விளம்பரம் ஒன்றிலேயே இச்சொல் காணப்படுகிறது. அக்காலத்தில் தேயிலையின் விலை மிக அதிகம். அதனால் கோப்பைகள் சிறியனவாக இருந்தன. அவற்றுக்கேற்பக் கரண்டியும் சிறிதாக இருந்தது.

மரக்கரண்டி மரத்தால் ஆனது. ஆனால், தேக்கரண்டி தேயிலையால் ஆனதன்று; தேநீருக்கு உரியது. கூட்டுச்சொல்லின் உறுப்புகளுக்கு இடையே மறைந்துள்ள உறவை நாமே உணர்ந்து பொருள் கொள்ள வேண்டும். மலாய்மொழியில் இதனைச் 'சூடு தே' என்பர். அங்குச் 'சூடு' என்றால் கரண்டி, வெப்பம் அன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் இறுதியில் நிற்கும் கரண்டி, மலாயில் முதலில் நிற்கிறது.

காலப்போக்கில் இச்சொல்லுக்கு இரண்டாவது பொருளும் ஏற்பட்டது. "ஒரு தேக்கரண்டி உப்பு" என்னும்போது கரண்டியை அன்று, அது கொள்ளும் அளவையே குறிப்பிடுகிறோம். மருத்துவத்தில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர்.

இவ்விரு பொருள்களையும் குழப்பிக்கொண்டால் தீங்கு நேரலாம். வீட்டிலுள்ள தேக்கரண்டிகள் எல்லாம் ஒரே அளவின அல்ல. சில 5 மில்லிலிட்டருக்குக் குறைவாகவும் சில கூடுதலாகவும் கொள்ளும். மேசைக்கரண்டியின் அளவோ 15 மில்லிலிட்டர். தேக்கரண்டிக்குப் பதிலாக அதில் மருந்து ஊற்றினால், குழந்தைக்கு மும்மடங்கு மருந்து சென்றுவிடும்.

ஆகவே, மருந்துப் புட்டியில் 'ஒரு தேக்கரண்டி' என்று எழுதியிருந்தால், அடுக்களைக் கரண்டியைத் தேடக்கூடாது. மருந்துடன் தரப்படும் அளவுக்கோப்பையில் 5 மில்லிலிட்டர் கோடு வரை ஊற்றிக் கொடுக்க வேண்டும். அளவுக்கோப்பை இல்லையெனில் மருந்தகத்தில் கேட்டுப் பெறலாம்.