குமிழி நின்றுவிட்டால் பீர் தயாரா?

வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: மூடியில் செருகிய, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி வருவது நின்றுவிட்டது, புட்டியில் அடைத்துவிடலாமா? ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

பேச்சுக்கு இங்கிலாந்தின் பேல் ஏல் வகையை எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற விதியை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் நீக்கினார். அதன்பின் அது பல வீடுகளில் சாதாரண வேலையாகிவிட்டது. பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டிலிருந்து இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து மூடிய வாளியில் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அதற்குப் பிறகு நம் கையில் இருப்பது கவனிப்பு மட்டும்தான்.

குமிழியை நம்ப வேண்டாம். வாளி மூடி சற்றுத் தளர்வாக இருந்தால் வாயு அந்த வழியே போய்விடும். உள்ளே ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்தாலும் ஏர்லாக் அசையாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நொதிப்பு முடிந்து நாளாகியிருக்கும். அறை சூடேறியதும் திரவத்தில் கரைந்திருந்த கார்பன் டைஆக்ஸைடு வெளியேறி மறுபடி குமிழி விடும். மேலே எழும்பும் நுரையும் முதல் சில நாளின் வேகத்தைத்தான் காட்டும். அது இறங்கிய பிறகும் வேலை பாக்கி இருக்கும்.

நம்ப வேண்டியது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரும் இதே இனம்தான். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும் ஹைட்ரோமீட்டர், சர்க்கரை கரைந்த சாற்றில் மேலே மிதந்து 1.048 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பேல் ஏல் 1.012 அளவில் நின்றால் 48 புள்ளிகளில் 36 போய்விட்டன என்று பொருள், முக்கால் பங்கு. இரண்டு எண்களின் வித்தியாசமான 0.036ஐ 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம் என்று தெரியும். மீதி 12 புள்ளிகளைக் கண்டு பதற வேண்டாம். சாதாரண ஏல் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட மாவுச்சத்துத் துண்டுகள் அவை. பீருக்கு வாயில் கனம் கொடுப்பவையும் அவைதான்.

ஒரே ஒரு அளவீட்டை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும். மாதிரித் திரவத்தை இரண்டு டம்ளருக்கு இடையே ஆற்றி வாயுவைப் போக்கிவிட்டு அளந்து பாருங்கள். கருவியில் ஒட்டும் சிறு குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்துப் பொய் எண் காட்டும். அளந்ததைத் திரும்ப வாளியில் ஊற்றவே கூடாது. வெளிக்கிருமி உள்ளே போக அது ஒன்றே போதும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், விஷயம் கண்ணாடிப் புட்டி சம்பந்தப்பட்டது. புட்டியில் பொங்குவதற்காக நாமே லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரை சேர்க்கிறோம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, பீரின் கொள்ளளவுக்குச் சமமான வாயுவை உண்டாக்கும். இங்கிலாந்து ஏலுக்கு மொத்தம் இரண்டு மடங்கு போதும். 1.012க்கு இறங்க வேண்டியதை 1.016இல் அடைத்துவிட்டால் அந்த நான்கு புள்ளிகளே இன்னும் இரண்டு மடங்கு வாயுவைக் கொண்டுவரும். புட்டி வெடிக்கலாம், கண்ணாடிச் சில்லு கண்ணில் படலாம். அவசரத்தை அடக்க இந்தக் கணக்கு ஒன்று போதும்.

எண் நின்றுவிட்டது, சரி. அப்போதும் ஈஸ்ட்டின் வேலை முடிந்துவிடவில்லை. சர்க்கரை தீர்ந்த பிறகு, தான் வழியில் விட்டுவைத்த கழிவுகளை அது திரும்ப உள்ளே இழுத்துத் துப்புரவு செய்கிறது. இந்த இரண்டாம் கட்டத்தை எந்தக் கருவியும் காட்டாது. மூக்கும் நாக்கும்தான் சொல்ல வேண்டும்.

அளந்த மாதிரியைக் குடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, வாயு இல்லாமல், கலங்கலாக இருக்கும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முதல் நாட்களில் தித்திப்பு கசப்பை மூடியிருக்கும். பிறகு கசப்பு முரட்டுத்தனமாக முன்னால் வரும். அடியில் ஈஸ்ட் படியப் படிய அந்த முரட்டுத்தனம் தணியும். பச்சை ஆப்பிளை நறுக்கிய வாசனை வந்தால் அது அசிட்டால்டிஹைடு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியில், அதற்கு முந்தைய படி. இன்னும் சில நாள் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வெண்ணெய் வாசனைதான் தந்திரமானது. அதன் பெயர் டைஅசிட்டைல். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குப் பிடிபடும். ஈஸ்ட் இதை நேரடியாக வெளியிடுவதில்லை. மணமில்லாத ஒரு முன்பொருள் ஈஸ்ட்டிலிருந்து கசிகிறது, அது வெளியே மெல்ல மாறி டைஅசிட்டைல் ஆகிறது, அதை ஈஸ்ட் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் இன்று மணக்காத பீர்கூட, சீக்கிரமே குளிரூட்டி ஈஸ்ட்டை அடங்கவைத்துவிட்டால், பிறகு புட்டிக்குள் வெண்ணெயாக மணக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மாதிரியை இரண்டு டம்ளரில் எடுத்து மூடி, ஒன்றை 60 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது. வாளியை ஓரிரு டிகிரி கூடுதல் வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அழுகிய முட்டை நாற்றமும் பயமுறுத்தும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. லாகர் வகை பீரின் ஈஸ்ட்டுக்கு வழக்கமானது. வெளியேறும் வாயுவோடு பெரும்பாலும் போய்விடும்.

பொறுத்தாலும் போகாதவை வேறு. வாழைப்பழ மணம் பவேரியக் கோதுமை பீருக்கு அழகு. பேல் ஏலில் அது தூக்கலாக வந்தால், பெரும்பாலும் முதல் நாட்களில் வெப்பம் கைமீறியிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்சிஜன் செய்த வேலை. தெளிவான கண்ணாடியில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து நாறும். பழுப்புப் புட்டிகள் எதற்கு என்பது அதிலேயே புரியும். நினைத்துப் பார்க்காத புளிப்பு, மேலே சுருங்கிய ஆடை, 1.012ஐத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போகும் எண் இவை சேர்ந்து வந்தால் வேறு நுண்ணுயிர் குடியேறிவிட்டது. அதைப் புட்டியில் அடைக்காதீர்கள்.

அடைக்கும் நாளில் ஒன்று செய்யுங்கள். கண்ணாடிப் புட்டிகளோடு, கழுவிச் சுத்திகரித்த ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். 20 டிகிரியில் தினமும் அதை அழுத்திப் பார்த்தால், விரல் உள்ளே போகாதபடி விறைப்பாகும் நாள் தெரியும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது வந்துவிடும். அதன்பின் ஒரு புட்டியை மட்டும் குளிரவைத்துத் திறந்து, மாதிரி எடுத்த நாட்களில் நீங்கள் எழுதிவைத்த குறிப்போடு சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள்.