மூன்று விநாடி ஓட்டம்: பேஸ் ஓட்ட வேகத்தை அளப்பது எப்படி?

சாஃப்ட்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 60 அடி, அதாவது 18.29 மீட்டர். பந்தை அடித்ததும் பேட்டைக் கீழே போட்டு ஓடும் பெண் முதல் பேஸை மிதிக்க மூன்று விநாடிக்குச் சற்று முன்பின் ஆகும். உலகத் தரமான ஆட்டக்காரர்களில், இடப்புறம் நின்று ஓட்டத்தோடு ஓட்டமாகப் பந்தைத் தட்டிவிடுபவர்கள் 2.8 விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். சராசரியாக விநாடிக்கு 5.5 மீட்டர் ஓடும் பள்ளி மாணவிக்கு 3.33 விநாடி ஆகும். 5 மீட்டர் ஓடுபவருக்கு 3.66. அவுட்டா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு பங்கு விநாடிக்குள்தான் முடிவாகிறது.

இந்தக் குறுகிய ஓட்டத்துக்கு யாரை எடுப்பது? கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்கள் ஓட்டத்துக்குப் பெயர்போன மண். கேரள மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பாலக்காடு மாவட்டமே ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றது. முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா 2017-இலும் 2019-இலும் 1500 மீட்டரில் ஆசிய சாம்பியன். இடுக்கி மலைக்கிராமத்திலிருந்து வந்த கே.எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தின் ப்ரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம். தொடுபுழாவின் ஷைனி வில்சனும் 800 மீட்டரில் புகழ்பெற்றவர். இவை எல்லாமே நடுத்தர, நெடுந்தொலைவு ஓட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்த பெண்ணையே சாஃப்ட்பால் அணிக்கும் எடுப்பது இயல்பாக வரும் யோசனைதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான தேர்வு. 800 மீட்டருக்கு வேண்டியது மூச்சும் தாக்குப்பிடிப்பும். 18 மீட்டருக்கு வேண்டியது நின்ற இடத்திலிருந்து கிளம்பும் உந்துவிசை. தேர்ந்த 100 மீட்டர் வீரர்களே 50, 60 மீட்டர் தாண்டித்தான் உச்ச வேகத்தைத் தொடுகிறார்கள். சிறார் அதற்கு முன்பே தொட்டுவிடுவார்கள் என்றாலும் 18 மீட்டருக்குள் அல்ல. முதல் பேஸ் வரையிலான ஓட்டம் முழுக்க முழுக்க முடுக்கம்தான்.

அளவு எங்கே தொடங்குகிறது என்பது முதல் சிக்கல். பந்து பேட்டில் படும் கணத்தில் கடிகாரத்தை ஓடவிட்டு, கால் பேஸில் படும்போது நிறுத்துவது வழக்கம். இதில் பேட்டைச் சுழற்றி முடிப்பது, உடலைத் திருப்புவது, முதல் அடி எடுப்பது எல்லாம் கலந்துவிடுகின்றன. இடப்புறம் நிற்கும் பேட்டருக்கு முதல் பேஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர் பக்கம். சுழற்சி முடியும்போது உடலும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆகவே வலப்புற, இடப்புற பேட்டர்களின் நேரத்தை ஒரே பட்டியலில் வைத்து யார் வேகமானவர் என்று சொல்ல முடியாது. கால்களின் வேகம் மட்டும் வேண்டுமென்றால் பேட் இல்லாமல், நின்ற நிலையிலிருந்து தனியாக ஓடவிட்டு அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் பேட்டிங் நிலையிலிருந்து புறப்படும் திறமையைக் காட்டும்.

அடுத்தது கடிகாரம். தடகளத்தில் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சிறிது நேரம் போய்விடுகிறது. முடிவுக்கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது முன்பே தெரிவதால் சரியாக அழுத்திவிடுகிறோம். அதனால் கைக்கடிகாரம் எப்போதும் குறைத்தே காட்டும். சாஃப்ட்பாலில் பந்து வருவதும் முன்கூட்டியே தெரியும் என்பதால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது. முந்தி அழுத்திவிடுபவரும் உண்டு. 100 மீட்டரில் 0.24 விநாடி பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். மூன்று விநாடி ஓட்டத்தில் அது 8 சதவீதம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷாவுக்கு 400 மீட்டர் தடை ஓட்ட வெண்கலம் கைநழுவியது 0.01 விநாடியில். ஸ்டாப்வாட்ச்சால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

வேறு வழியில்லாதபோது மூன்று பேர் தனித்தனியே அளந்து நடு மதிப்பை எடுத்துக்கொள்வது பழைய தடகள முறை; நல்ல முறையும்கூட. ஆனால் இன்று இதைவிட நம்பகமான கருவி ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. சாதாரணக் கைப்பேசி வீடியோ விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.033 விநாடி, அதற்குள் ஓட்டக்காரர் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருந்தால் இடைவெளி 0.004 விநாடியாகச் சுருங்கும். ஓட்டப்பாதைக்குப் பக்கவாட்டில், ஹோம் பிளேட்டும் முதல் பேஸும் ஒருசேரத் தெரியும் தூரத்தில் கைப்பேசியை அசையாமல் நிறுத்த வேண்டும். பந்து பேட்டில் படும் படத்திலிருந்து கால் பேஸில் படும் படம் வரை எண்ணினால் போதும்: 744 படம் என்றால் 3.10 விநாடி.

இதே வீடியோவில் ஓட்டத்தைத் துண்டு போட்டும் பார்க்கலாம். 5 மீட்டரிலும் 10 மீட்டரிலும் குச்சி நட வேண்டும். குச்சியைப் பாதையின் ஓரத்தில் அப்படியே நட்டால் கேமரா சாய்வாகப் பார்ப்பதால் அளவு பிசகும். ஒருவர் பாதையின் 5 மீட்டர் புள்ளியில் நிற்க, கேமராவில் பார்த்தபடி அவர் இடுப்பை மறைக்கும் இடத்தில் குச்சியை நட வேண்டும். பிறகு ஓட்டக்காரரின் இடுப்பு குச்சியைக் கடக்கும் படத்தைக் குறித்தால் சரியாக வரும். முதல் 5 மீட்டரில் தாமதம் என்றால் புறப்பாட்டிலும் கால்வலிமையிலும் குறை. 10 மீட்டருக்குப் பிறகு தளர்ந்தால் ஓடும் பாங்கில் குறை. பயிற்சி இரண்டுக்கும் வேறு. நீளம் தாண்டுதலிலும் இப்படித்தான்: பாலக்காட்டுக்காரரான எம். ஸ்ரீசங்கர் போன்றவர்களின் ஓட்டத்தை ஆராய்பவர்கள் முழு ஓட்ட நேரத்தை விட்டுவிட்டு, பலகைக்கு முந்தைய ஐந்தைந்து மீட்டர்களின் வேகத்தையே பார்க்கிறார்கள்.

முதல் பேஸைத் தாண்டி ஓடிவிடலாம், விதி அனுமதிக்கிறது. இரண்டாம் பேஸுக்குப் போவதென்றால் திரும்ப வேண்டும். அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப, புவியீர்ப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வேண்டும். உடல் 36 பாகை உள்நோக்கிச் சாய வேண்டும். அந்த விசை முழுவதையும் தருவது காலடிக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. காய்ந்த செம்மண்ணில் மேலே சரளை உருண்டால் கால் வழுக்கும். ஜூன், ஜூலை மழையில் ஊறிய மண்ணிலும் அதே கதை. வேகத்தைக் குறைக்க மனமில்லாதவர் வளைவை அகலப்படுத்த வேண்டும். முதல் பேஸுக்கு 5 மீட்டர் முன்பு, நேர்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் வெளியே விலகி வந்தால் கூடுதல் தூரம் 80 சென்டிமீட்டர்தான், சுமார் 0.13 விநாடி. நேராக வந்து பேஸில் வேகத்தை இழந்து மறுபடி முடுக்குவதற்கு இதைவிட அதிகம் செலவாகும். திருப்பத் திறமையை அளக்க எளிய வழி: 36.58 மீட்டரை நேராக ஓடவிட்ட நேரத்தை, ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வழியாக இரண்டாம் பேஸுக்கு ஓடிய நேரத்திலிருந்து கழிப்பது. மிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல திருப்பம். நேர் ஓட்டத்தில் பின்தங்கிய பெண் இந்தக் கணக்கில் முன்னால் வருவது அடிக்கடி நடக்கும்.

பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளில் காற்றை மறந்துவிட்டு எந்த நேரத்தையும் நம்பக் கூடாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்றும் மார்கழி, தையில் கீழ்காற்றும் சீறுகின்றன. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. இடுக்கியில் தேனியைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் உண்டு. காற்றின் தடை, ஓட்டக்காரர் மீது மோதும் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு எதிரே 4 மீட்டர் வேகக் காற்று வீசினால் தடை 36-க்கு 100 என்ற விகிதத்தில், கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் ஒன்பதில் ஒரு பங்காகும். நான்கு பேஸையும் சுற்றி ஓடினால் வரவும் செலவும் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு: 100, 4 இரண்டின் சராசரி 52, காற்றில்லாத நிலையின் 36-ஐவிட அது அதிகம். தடகளத்தில் 100 மீட்டர் சாதனைக்குப் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது; சாஃப்ட்பாலில் அப்படி எதுவும் இல்லை. ஒரு கம்பில் ரிப்பன் கட்டி, அது தொங்கும் காலை நேரத்தில் அளப்பது நல்லது. மார்ச், ஏப்ரல் பாலக்காட்டு வெயிலுக்கும் காலையே ஏற்றது.

1500 மீட்டருக்கு மேல் இருக்கும் மூணாறில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. 18 மீட்டரில் இதனால் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஓடி முடித்து மூச்சு சீராகக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே நான்கைந்து நிமிடம் விடாமல் அடுத்தடுத்து ஓடவிட்டால், அளக்கப்படுவது வேகமாக இருக்காது, களைப்பாகத்தான் இருக்கும்.

மதிப்பிடுவதில் மிக அதிகம் பிழை நேர்வது வயதில். பெண்களுக்கு உயரம் விறுவிறுவென்று கூடும் காலம் சராசரியாக 12 வயதையொட்டி, ஆண்களுக்கு 14-ஐயொட்டி. ஆனால் ஒரே வகுப்பில் ஒருத்திக்கு 10 வயதிலும் இன்னொருத்திக்கு 14 வயதிலும் அது வரலாம். 13 வயதில் முன்னால் ஓடுபவர் முன்னதாக வளர்ந்துவிட்டவர் மட்டுமாக இருக்கலாம். திடீரென உயரும் மாதங்களில் நீண்ட கால்களை உடல் பழகிக்கொள்ளாமல் நேரம் மோசமாவதும் உண்டு. பயிற்சியில் சோம்பல் என்று அதற்காகத் திட்டுவது அநியாயம். 2002-இல் கனடாவின் மிர்வால்டும் குழுவினரும் வெளியிட்ட சூத்திரம் உயரம், உட்கார்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றைக் கொண்டு வளர்ச்சி உச்சம் எவ்வளவு தொலைவில் என்று மதிப்பிடுகிறது. அதில் அரை ஆண்டுக்கு மேல் பிழை வரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் கோடிட்டு, ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்தாலே பள்ளிக்குப் போதும். ஒரே வாரத்தில் இருமுறை அளந்தால் ஒருவருக்கே 0.06 விநாடி முன்பின் வருகிறது என்றால், அடுத்த மாதம் 0.04 குறைந்ததை முன்னேற்றம் என்று கொண்டாடவோ, கூடியதை வீழ்ச்சி என்று கவலைப்படவோ இடமில்லை.

ஆட்டத்தில் எல்லாம் கால்களாலேயே தீர்மானமாவதில்லை. சாஃப்ட்பாலில் பிட்ச்சர் கையிலிருந்து பந்து விடுபடும் வரை பேஸில் நிற்பவர் காலை எடுக்கக் கூடாது. மணிக்கு 90 கி.மீ. வேகப் பந்து 13.11 மீட்டர் தூரத்தைக் கடக்க அரை விநாடி. கேட்ச்சர் அதைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் 25.86 மீட்டர். முதல் பேஸிலிருந்து திருட்டு ஓட்டம் எடுப்பவர் பந்து போகும் திசையை நின்று பார்த்து 0.3 விநாடியை விட்டால், அந்த நேரத்தில் முழு வேகத்தில் 1.8 மீட்டர் ஓடியிருக்கலாம். போட்டியில் எடுத்த வீடியோவிலிருந்து பந்து விடுபட்ட படத்தையும் முதல் அடி எழுந்த படத்தையும் எண்ணிக் கழித்தால் இந்தத் தாமதம் தனியே கிடைக்கும். பயிற்சியில் ஓடிய நேரத்தோடு இதை ஒப்பிடும்போது, மெதுவானவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் குறை காலில் இல்லை, பந்தைக் கணிப்பதில்தான் என்று சில சமயம் தெரியவரும். அதைத் திருத்த உடல் வளரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.