கிட்டாருக்கு வந்த பழைய வால்வுப் பெட்டி

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில் காட்டின் நடுவே அமைந்திருக்கும் வானாய்வு நிலையத்தில், 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப்போகும் கணத்தை எதிர்நோக்கி 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் விஞ்ஞானிகள் காத்திருக்கையில், கிரகம் நட்சத்திரத்தை எட்டுவதற்கு முன்னரே அதன் ஒளி சில விநாடிகள் குன்றி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு அன்றிரவு உலகின் வெவ்வேறு இடங்களில் கிடைத்த சாட்சியங்களுள் காவலூரின் சாட்சியமும் ஒன்றாயிற்று. அக்காலத்து ஒளிமின் அளவிகளுக்கு ஜீவநாடியாக இருந்தது ஒரு கண்ணாடிக் குழாய். காற்றை அகற்றிய அந்தக் குழாய்க்குள் ஓர் ஒளித்துகள் பெயர்த்தெறிகிற ஒரே எலெக்ட்ரான், படிப்படியாகத் தகடுகளில் மோதி மோதிப் பல லட்சமாகப் பெருகிவிடும்.

அதே காலத்தில் நம் ஊர்த் திருவிழாக்களில் மைக் செட்காரர்கள் மரக்கிளையில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, கீழே மேஜைமேல் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரிலும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் செந்நிறமாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. வானாய்வாளரின் குழாயும் மைக் செட்காரரின் வால்வும் அமைப்பில் வேறுபட்டவை. ஆனாலும் சிறியதைப் பெரியதாக்கு, அதில் உன் சொந்தச் சரக்கு எதையும் கலக்காதே என்ற ஒரே கட்டளையைத்தான் இரண்டும் பெற்றிருந்தன. இசைத்தட்டுக் கேட்பதற்கென்று செய்யப்பட்ட பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயருக்கு இந்தக் கட்டளை இன்னும் கடுமையானது. அப்படிப்பட்ட ஒரு பெட்டியைக் கிட்டாருக்கு மாற்றி அமைப்பது என்பது, அதன் கம்பிகளை மாற்றுவதைக் காட்டிலும், அதற்கு விதிக்கப்பட்ட கடமையையே மாற்றுவதாகும்.

வால்வின் தத்துவம் ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மதகுப் பலகையை ஒரு விரற்கடை உயர்த்துவதற்கு வேண்டிய பலம் அற்பம். அதனால் கால்வாயில் பாய்கிற நீரின் வேகமோ பெரிது. வால்வுக்குள் சூடேறிய கேத்தோடிலிருந்து எதிரேயுள்ள தகட்டை நோக்கி எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. நடுவில் மதகுப் பலகைபோல் நிற்கும் கம்பிவலைக்குக் கிரிட் என்று பெயர். 1904இல் ஃபிளெமிங் இரண்டு உறுப்புகளோடு வால்வைச் செய்தார். 1906இல் டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்தார். ஒலியைப் பெருக்கும் கலைக்கு அதுவே வித்தாயிற்று. 1954இல் பெங்களூரில் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பின்னர் வால்வுகளையும் தயாரித்தது. நம் நாட்டுப் பழைய பெட்டிகளைத் திறந்தால் அதன் முத்திரை பதிந்த கண்ணாடிகளைக் காணலாம்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் இந்த வம்சத்தில் வந்ததே. அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர்க் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் கிட்டாருக்கான பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய பாஸ்மேன் என்ற பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதல் பெட்டியைச் செய்தார். 1964இல் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறி, அதிலிருந்து கிளம்பிய கரகரப்பை ஒலிப்பதிவு செய்தபோது, உலகமெங்கும் இளைஞர்கள் அதைக் குறையென்று தள்ளாமல் இசையென்று ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கரகரப்பு எப்படி இசையாகும் என்று கேட்பவர்களுக்கு நம் தம்புராவே உத்தரம் சொல்லும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலைச் செருகி, ஜீவா சேர்க்கிறோம் அல்லவா? நூலில்லாத தந்தி சுத்தமாக ஒலிக்கும், ஆனால் வறண்டிருக்கும். நூல் உரிய இடத்தில் அமர்ந்தவுடன் மேல் ஷட்ஜமும் பஞ்சமமும், மீட்டாமலே தானாக எழுகிற அந்தர காந்தாரமும் அதிலிருந்து மலர்கின்றன. வால்வை, அது தாங்கும் எல்லைக்கு மேல் தூண்டும்போது நிகழ்வதும் இதற்கு உறவான காரியமே. ஒலியலையின் உச்சி மெல்ல மழுங்கி, மூல ஸ்வரத்தின் இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு அதிர்வுகள் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இரண்டாவது மடங்கு மேல் ஷட்ஜம், மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம், ஐந்தாவது காந்தாரம். விஞ்ஞானம் திரிபு என்று அழைப்பதைச் சங்கீதம் ஜீவன் என்று அழைத்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஹை-ஃபை பெட்டியை வடிவமைத்தவரோ இந்த ஜீவனை வேரறுப்பதற்காகவே பாடுபட்டவர். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிவிட்டு, பிழையைப் பிழையாலேயே அழிக்கும் எதிர்ப் பின்னூட்டம் என்ற உபாயத்தை அவர் தாராளமாகப் பிரயோகித்திருப்பார். அதன் பயனாகப் பெட்டி எல்லைவரையில் மாசற்று ஒலித்து, எல்லை கடந்த கணத்தில் சட்டென்று முறிந்துவிடும். அந்தப் பின்னூட்டத்தைக் குறைத்தால் முறிவு படிப்படியாக வரும். மாற்றத்தின் மர்மம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மற்றொரு தேவை முன்பெருக்கம். கிட்டாரின் காந்தச் சுருள் தருவது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவிலான பலவீனமான சமிக்ஞை; ஆகவே ஈசிசி83 போன்ற ஒரு வால்வை முன்னால் சேர்த்து, சுருளின்மேல் பாரம் விழாதபடி உள்வழியில் ஒரு மெகா ஓம் ரெஸிஸ்டரை வைப்பார்கள். இசைத்தட்டுக்கென்று உள்ள உள்வழி இதற்கு உதவாது. அது தாழ்ந்த ஒலிகளை வேண்டுமென்றே மிகைப்படுத்துவது. கிட்டாரின் அடித்தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகளே என்பதால், இடையிணைப்புக் கண்டென்சர்களைச் சற்றுச் சிறிதாக்கினால் சத்தம் சேறாகாமல் தெளியும்.

ஸ்பீக்கரையும் மாற்றியே ஆகவேண்டும். வீட்டு ஸ்பீக்கரின் சிறு கூம்பு உச்ச ஒலிகளையெல்லாம் காட்டிக்கொடுத்து, இனிய கரகரப்பைக் காதைக் கீறும் ஓசையாக்கிவிடும். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கரோ ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றை வடிகட்டிவிடும். ஸ்பீக்கரின் ஓம் அளவு, பெட்டியிலிருந்து அதற்கு ஒலியைத் தரும் வெளியீட்டு டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்தவேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் பெட்டியை ஓட்டினால் அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக்கூடும்.

அபாயத்தைப் பற்றி இங்கே உரக்கச் சொல்லவேண்டும். இந்தப் பெட்டிகளுக்குள் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருந்து உயிரைக் குடிக்க வல்லவை. ஒரு ரெஸிஸ்டரின் வழியே அதை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்தபின் அல்லாமல் விரல் வைக்கலாகாது. முதிர்ந்த வடிகட்டிக் கண்டென்சர்களை மாற்றி, எர்த் ஒயருடன் கூடிய மூன்று முனைப் பிளக்கைப் போடுவது முதல் வேலை. சில பழைய ரேடியோக்களில் மின்சார டிரான்ஸ்பார்மரே கிடையாது. வீட்டு மின்சாரம் நேரே இரும்புச் சட்டத்தில் ஏறி நிற்கும். கிட்டாரின் தந்திகள் அந்தச் சட்டத்தோடு இணைவதால், அத்தகைய பெட்டியில் கிட்டாரை மாட்டுகிறவர் தந்தியைத் தொடுவது மின்கம்பியைத் தொடுவதற்கு நிகர். அவற்றை விட்டுவிடுவதே விவேகம். வால்வு வேலை பழகிய மெக்கானிக் ஒருவர் உடனிராமல் எந்தப் பெட்டியையும் திறக்கவேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

குறையின்றி நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் லீக், குவாட் போன்ற உயர்ந்த ஹை-ஃபை ஜோடிகளைக் கெடுப்பதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜோடியை இழந்த ஒற்றைப் பெட்டி, பெட்டகம் கரையானுக்குப் போன ரேடியோகிராமின் உட்சட்டம், மூலையில் கிடக்கும் மைக் செட் ஆகியவையே இதற்கு உரியவை. அவற்றிலும் முதலில் உள்ளதை உள்ளபடி வரைந்து வைத்துக்கொண்டு, புதுத் துளையிடாமல் வேலை செய்தால், பின்னொருவர் பழைய நிலைக்கே திருப்பிக்கொள்ளலாம்.

வேலை முடிந்து முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, அனுபவமுள்ள மெக்கானிக் பெட்டியைச் சீரீஸ் பல்பு வழியாகவே இணைப்பார். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கோளாறில்லை. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மங்கிவிட்டால் சிறிது காத்திருக்கவேண்டும். வால்வுகளின் அடியில் செம்மை பரவுகிறது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் பிறக்கிறது. தந்தியை விரல் நுனியால் வருடினால் பெட்டி பழைய விசுவாசத்தோடு சுத்தமாக ஒலிக்கிறது; அதே தந்தியை அழுத்தி மீட்டினால் நாதம் விளிம்பில் சற்றே பிளந்து, மேல் ஷட்ஜத்தையும் கூட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கிறது.