கனடா வீட்டில் பாய்ந்த தோட்டாக்கள்... யார் இந்த ஏ.பி.தில்லான்? பஞ்சாபி பாடகர்களை கேங்ஸ்டர்கள் குறிவைப்பது ஏன்?

2024 செப்டம்பர் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். கனடாவின் வான்கூவர் தீவில் இருக்கும் கோல்வுட் என்ற சின்ன ஊர். ஒரு வீட்டு வாசலில் நின்ற 2 வாகனங்கள் பற்றி எரிகின்றன. அடுத்து வீட்டை நோக்கி சரமாரியாக துப்பாக்கிச்சூடு. சுட்ட ஆளே அதை வீடியோவும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது சமூக வலைதளங்களில் பரவியது.

அந்த வீடு பஞ்சாபி பாடகர் ஏ.பி.தில்லானுடையது. பெயர் புதுசா இருக்கலாம். ஆனா 'எக்ஸ்க்யூசஸ்', 'இன்சேன்' பாட்டெல்லாம் ரீல்ஸில் நிச்சயம் உங்க காதில் விழுந்திருக்கும்.

யார் இந்த தில்லான்?

முழுப்பெயர் அம்ரித்பால் சிங் தில்லான். பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பையன். இன்ஜினியரிங் படித்துவிட்டு, 2015-ல் கனடா கிளம்பினார். பஞ்சாபில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான். தில்லான் போய் இறங்கியது வான்கூவர் தீவில் இருக்கும் விக்டோரியா நகரில். காலேஜ் படிப்பு, மிச்ச நேரத்தில் கடையில் வேலை, ராத்திரியில் பாட்டு என்று ஓடியது வாழ்க்கை.

அங்கே குரிந்தர் கில், ஷிண்டா காலோன், இசைக்கு ஜிமின்க்ஸர் என ஒரு நண்பர்கள் செட் சேர்ந்தது. சினிமா வாய்ப்புக்கோ பெரிய மியூசிக் கம்பெனிக்கோ இவர்கள் காத்திருக்கவில்லை. 'ரன் அப் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாக லேபிள் வைத்து, யூடியூப், ஸ்பாட்டிஃபையில் நேரடியாக பாட்டை இறக்கினார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கு. பாலிவுட்டில் பெரும்பாலும் பாட்டின் உரிமை கம்பெனிக்கு, பாடுபவருக்கு சம்பளம். சொந்த லேபிள் என்றால் உரிமையும் வருமானமும் கையிலேயே நிற்கும்.

2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில் வந்த 'பிரவுன் முண்டே' எல்லாவற்றையும் மாற்றியது. 'பழுப்பு நிறப் பசங்க' என்று அர்த்தம். வெளிநாட்டில் நிறத்தை வைத்து அடையாளம் காணப்படும் பையன்கள், அதையே கெத்தாக சொல்லிக்கொண்ட பாட்டு. டோல் அதிரும் பாங்க்ரா இல்லை. ஹிப்-ஹாப் பீட்டும், அலட்டிக்கொள்ளாத குரலும். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கும் பஞ்சாப் கிராமத்துப் பையனுக்கும் ஒரே நேரத்தில் பிடித்தது அதனால்தான்.

2023-ல் கனடாவின் பெரிய இசை விருதான ஜூனோ மேடையில் பஞ்சாபியிலேயே பாடினார். 2024-ல் அமெரிக்காவின் கோச்செல்லா திருவிழா. அங்கே கிட்டாரை மேடையிலேயே அடித்து உடைத்ததற்கு ரசிகர்களிடமே திட்டு வாங்கினார். அது தேவையில்லாத வேலைதான்!

துப்பாக்கிச்சூடு ஏன்?

2024 ஆகஸ்டில் வந்த 'ஓல்டு மணி' பாட்டு வீடியோவில் சல்மான் கான் நடித்திருந்தார். அடுத்த சில வாரங்களில் வீட்டில் குண்டு பாய்ந்தது. லாரன்ஸ் பிஷ்னோய் கும்பல் பெயரில் பொறுப்பேற்று வந்த பதிவிலும் சல்மான் பெயர் இருந்தது. 1998 மான் வேட்டை வழக்கில் இருந்து தொடரும் பகை அது. மானை பிஷ்னோய் சமூகத்தினர் புனிதமாக கருதுகிறார்கள்.

ஆனா சல்மான் மட்டுமே காரணம்னு முடித்துவிட முடியாது. 2023 நவம்பரில் இன்னொரு பஞ்சாபி பாடகர் கிப்பி கிரேவாலின் கனடா வீட்டிலும் இதே பாணியில் சுட்டார்கள். சல்மானோடு எனக்கு நெருக்கமே இல்லை என்று விளக்கம் கொடுத்தார் அவர். கனடாவில் தெற்காசிய தொழிலதிபர்களுக்கு பணம் கேட்டு மிரட்டல் வருவது தொடர்கதை. பாட்டில் கார், பங்களா என்று செல்வத்தைக் காட்டும் பாடகர்கள் எளிதில் கண்ணில் படுகிறார்கள். மிரட்டும் கும்பலுக்கு பிரபலத்தின் வீட்டில் பாயும் ஒரு தோட்டாவே இலவச விளம்பரம்.

இந்த பயத்துக்கு ஆழமான காரணமும் உண்டு. மாணவராக கனடா போய் பாடகரான சித்து மூஸ்வாலா, 2022 மே 29-ல் பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 'பிரவுன் முண்டே' வீடியோவில் தலைகாட்டியவர் அவர். தில்லானுக்கு இது செய்தி இல்லை, சொந்த இழப்பு.

வழக்கு என்னாச்சு?

தில்லானுக்கும் உடன் இருந்தவர்களுக்கும் காயம் இல்லை. 2024 அக்டோபர் இறுதியில் ஒண்டாரியோவில் 25 வயது இளைஞர் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2025-ல் 6 ஆண்டு சிறை. இன்னொருவர் இந்தியாவில் இருக்கலாம் என்றது கனடா போலீஸ். 2025 செப்டம்பரில் பிஷ்னோய் கும்பலையே பயங்கரவாத பட்டியலில் சேர்த்தது கனடா அரசு.

தில்லான்? வீட்டில் குண்டு பாய்ந்த மூன்றே மாதத்தில் மும்பை, டெல்லியில் மேடை ஏறினார். டிசம்பர் 21-ம் தேதி கடைசி நிகழ்ச்சி, சொந்த மாநிலத்தின் தலைநகர் சண்டிகரில்.