மேல் வலிக்கு மாத்திரை: அதன் பெயர் என்ன?

தேயிலைச் செடி, அதனைப் பறிப்பவரின் இடுப்பளவு உயரமே நிற்கிறது. நாள் முழுவதும் முன்னே சாய்ந்து, இரு கைகளாலும் கொழுந்தைக் கிள்ளி, முதுகுப்புறம் தொங்கும் கூடைக்குள் எறிவதுதான் கொழுந்து பறித்தல். கூடையின் கயிறு தலையில் தங்குவதால் சேரும் பாரமெல்லாம் கழுத்தின் வழியாக முதுகுத் தண்டில் இறங்குகிறது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோ வரை பறித்தால்தான் முழுப் பேர் விழும். இத்தனைக்கும் நிற்கும் இடம் சமதரையன்று, வழுக்கும் மலைச்சரிவு. ஆண்களுக்கோ கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் கான் வெட்டும் காத்திருக்கின்றன. மாலையில் லயத்துக்குத் திரும்பும் இச்சரீரங்கள் நோகாதிருந்தால் அதுவே அதிசயம்.

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை நகரங்களின் பாமசிகளில், "மேல் வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க ஐயா" என்ற வேண்டுகோள் ஒலியாத நாளில்லை. சம்பள நாளையடுத்த ஞாயிறுகளில் அது இன்னும் அதிகமாகக் கேட்கும். சிறு காகித உறையில் இரண்டு மூன்று நிறங்களில் மாத்திரைகள் கைமாறுகின்றன. உறையின்மேல் காலை, மாலை என்ற குறிப்பு இருக்கும். மருந்தின் பெயர் பெரும்பாலும் இராது. வாங்குபவரும் கேட்பதில்லை.

இதில் வருந்தத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. செல்வந்தர் வலி மாத்திரை விழுங்குவது படுத்து இளைப்பாறுவதற்காக. தோட்டத் தொழிலாளியோ மறுநாள் பிரட்டுக்குப் போய் நிற்பதற்காக விழுங்குகிறார். வேலைக்குப் போகாவிடில் பேரில்லை. ஆகவே நோவு அடங்குகிறது, நோவின் காரணம் அடங்குவதில்லை. அதே தோள் அதே பாரத்தை மறுபடியும் சுமக்கிறது. வாரத்தில் ஒருநாள் விழுங்கியவர் நாள்தோறும் விழுங்கத் தொடங்குவது இப்படித்தான். இவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. விழுங்குவது இன்னதென்று அறிந்து விழுங்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

இரண்டு குடும்பங்கள்

கடைகளில் நூறு பெயர்களில் விற்கப்படினும், சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது பரசிட்டமோல். இலங்கையில் 'பனடோல்' என்ற விற்பனைப் பெயரே இதன் இயற்பெயர் போலாகிவிட்டது. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, நான்கு மணி நேர இடைவெளியேனும் விட்டு எடுக்கலாம். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைகளைத் தாண்டலாகாது. அளவு மீறினால் தாக்கப்படுவது ஈரல். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த பெண்களும், மது அருந்தும் பழக்கமுள்ள ஆண்களும், ஈரல் நோயாளரும் தமக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். தடிமலுக்கும் சளிக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றுள் இதே பரசிட்டமோல் ஒளிந்திருப்பதையும் மறக்கலாகாது. மேல் வலிக்கு ஒன்று, தடிமலுக்கு ஒன்று என்று எண்ணி இரண்டையும் விழுங்குபவர் உண்மையில் ஒரே மருந்தை இருமடங்கு விழுங்குகிறார்.

அளவோடு உண்டால் இது சாதுவான மருந்து. ஆயினும் சர்வ வல்லமை படைத்ததன்று. அவுஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலியால் வருந்திய 1,652 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2014ஆம் ஆண்டு 'லான்செற்' இதழில் வெளியாயிற்று. பரசிட்டமோல் உண்டவர்கள், வெறும் மாவு மாத்திரை உண்டவர்களைவிட விரைவாகக் குணமடையவில்லை என்பது அதன் முடிவு. நல்லவேளையாக, இருசாராரிலும் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறினர்.

இரண்டாவது குடும்பம் பெரியது. 1899இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அஸ்பிரின் இதன் மூத்த பிள்ளை. இபுபுரோபன், டைக்லோபினாக், நப்ரொக்சன், மெபனாமிக் அமிலம் ஆகியன இளையவை. வீக்கத்தோடு கூடிய வலிக்கு இவை பரசிட்டமோலைவிட வலியவை. தொழிலாளர் நாடுவதும் இதனாலேயே: "அந்தச் சின்ன மாத்திரைதான் கேட்குது" என்பார்கள்.

அது எங்ஙனம் கேட்கிறது என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி விளக்கினார். காயமுற்ற இடத்தில் நோவையும் வீக்கத்தையும் பெருக்கும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. இந்த ஆராய்ச்சிக்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்தோலை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தையும் பேணுகின்றன. முழங்காலுக்கென்று விழுங்கிய மருந்து முழங்காலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்தபின் அது எங்கும் செல்லும். ஆதலால், "மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், ஊசி போட்டால் பயமில்லை" என்ற நம்பிக்கை தவறு. ஊசியாக ஏற்றினாலும் வயிறு தப்பாது. சாப்பிட்டபின் விழுங்குவது நல்லதே. அதுவும் முழுக் காவலன்று.

தோட்டத்துத் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி இங்கேயே உள்ளது. விடியலில் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறுவோர் பலர். மலையகப் பெண்களிடையே இரத்தச் சோகை பரவலான குறை. இரண்டாம் குடும்பத்து மாத்திரையை வெறும் வயிற்றில், நாள் தவறாது, மாதக்கணக்கில் உண்டால் இரைப்பையில் வெளியே தெரியாமலே சொட்டுச் சொட்டாக இரத்தம் கசியலாம். ஏற்கெனவே குறைந்த இரத்தம் மேலும் குறையும், களைப்பு மிகும், களைப்பையும் மேல் வலியென்றே கருதி இன்னொரு மாத்திரை தேடுவார்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். உணவோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதும் உபரிச் செய்தி. தேயிலை நாட்டில் இதை உரக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது!

வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளர், இருதயம் பலவீனப்பட்டோர், ஒருமுறை அஸ்பிரின் உண்டு இழுப்பு வந்தவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், கர்ப்பிணிகள் ஆகியோர் இக்குடும்பத்தை வைத்தியரின் சொல்லின்றித் தொடலாகாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இவை வயிற்றுக் குழந்தையின் இருதயத்தையும் பாதிக்கக்கூடும். முதியோர் விடயத்தில் மற்றொன்று: இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டனும் நீர் போகும் மாத்திரையும் உண்பவர், அவற்றோடு டைக்லோபினாக்கையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனத் தளரக்கூடும். டைக்லோபினாக் தொடர்ந்து பெருமளவில் உண்போருக்கு மாரடைப்பு அபாயம் கூடுகிறதென 2013இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரித்தது. இருதயத்துக்கென வைத்தியர் கொடுத்த சிறு அளவு அஸ்பிரினை மட்டும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். அதன் கணக்கு வேறு.

மாணவர்களுக்கு ஒரு விநோதச் செய்தி. இந்தியாவில் கழுகுகள் கோடிக்கணக்கில் மடிந்த மர்மத்துக்கு விடை தேடியவர்கள் 2004இல் கண்டறிந்த குற்றவாளி இதே டைக்லோபினாக். மாடுகளின் நோவுக்குக் கொடுத்த மருந்து அவற்றின் பிணங்களில் எஞ்சியிருந்தது. அதைத் தின்ற பறவைகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 2006இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதன் கழுகல்லன், மனிதனுக்கு இது உடனடி நஞ்சன்று. ஆயினும் இது எந்த உறுப்பை நாடிச் செல்கிறதென்பது புரிகிறதல்லவா?

காய்ச்சலோடு வரும் வலி

கூடை சுமந்ததால் வரும் வலிக்குக் காய்ச்சல் இராது. காய்ச்சலும் கண்ணின் பின்புற வலியும் எலும்பை முறிப்பது போன்ற நோவும் ஒருங்கே வந்தால் டெங்கு என்று ஐயுற வேண்டும். உயர்ந்த குளிர்மலைகளில் டெங்கு நுளம்பு அரிது என்பது மெய்யே. ஆனால் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்பொழுது காய்ச்சலும் உடன் வரலாம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர். இந்நோயில் இரத்தம் உறையும் ஆற்றல் குறைவதால் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபினாக், மெபனாமிக் அமிலம் ஆகிய எதுவும் ஆகாது. பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் அளவோடு. உறையின்மேல் பெயர் இல்லாவிடில் இதனை எவ்வாறு அறிவது?

பெயரைப் பற்றி நம் நாட்டில் ஒருவர் நெடுங்காலம் முன்பே கவலை கொண்டார். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு தொடர்புடைய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பனிகள் சூட்டும் விற்பனைப் பெயரை விடுத்து, மருந்தின் மூலப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்கும் குழப்பத்தை இதனால் தவிர்க்கலாம். ஏழையின் பணமும் மிஞ்சும். 1977இல் அவர் காலமானார். அவருடைய கருத்து பிற நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. நாம் செய்யக்கூடியது எளிது. மருந்து கொடுப்பவரிடம், "இதன் மூலப் பெயரை உறையில் எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை அதை வாசித்துச் சொல்லட்டும்.

பெயர் சொல்ல மறுக்கும் பொடிகளையும் உருண்டைகளையும் தூர வையுங்கள். "மூலிகை மருந்து, மூன்றே நாளில் மூட்டு வலி பறக்கும்" என்று விற்பவற்றுள் டெக்சாமெதசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் கலந்திருந்தது உலகெங்கும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. வலி பறப்பது உண்மை, பசியும் கூடும். பின்னர் முகம் உருண்டு, இரத்தத்தில் சர்க்கரை ஏறி, எலும்பு மெலியும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகவே விடுபட வேண்டும்.

சரி, வலிக்கு என்னதான் செய்வது? முதுகுப் பிடிப்புக்குப் பாட்டிமார் கொடுத்த சூடான ஒத்தடம் இன்றும் செல்லும். முழுவதும் படுத்துவிடாமல் மெல்ல நடமாடுவது நல்லது. முழங்கால், விரல் மூட்டு வலிகளுக்கு டைக்லோபினாக் களிம்பு மாத்திரையைவிட முந்திய தேர்வாக இருக்கத் தக்கது. தோலின் வழியே இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவாதலால் வயிற்றுக்குத் தொல்லை குறைவு. நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டிச் சில கணம் நிறுத்தி இறக்கும் பயிற்சி, தொடைத் தசையை வலுவாக்கி முழங்காலைத் தாங்கும். தைலங்களும் சுகம் தருவனவே. புண்பட்ட தோலில் பூசலாகாது, குழந்தைகளுக்கு எட்டவும் வைக்கலாகாது. தைலங்கள் பலவற்றிலுள்ள கற்பூரமும் மெதைல் சலிசிலேற்றும் சிறு பிள்ளை குடித்துவிட்டால் உயிருக்கே உலை வைக்கும். மாத்திரை அவசியமாயின், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு. இரண்டாம் குடும்பத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது.

மாத்திரையால் மூடிவிடலாகாத வலிகளும் உள. ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து வீங்கிக் காய்ச்சலும் வருதல், இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமை, இரவிலும் ஓயாத முதுகு வலியோடு உடல் மெலிதல் — இவற்றுக்குத் தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை வாங்கித் திரும்பாமல், நுவரெலியா வைத்தியசாலைக்கோ, 2017இல் இந்திய உதவியுடன் புதிய கட்டடம் பெற்ற டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும். ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மைதான்.

கொழுந்து கிள்ளும் விரல்களில், இரு கைகளிலும் ஒருங்கே, காலை எழுந்ததும் ஒரு மணி நேரம் வரை இறுக்கமும் வீக்கமும் இருந்தால் அது வேலைக் களைப்பன்று. முடக்கு வாதமாக இருக்கலாம். பெண்களையே இது அதிகம் பிடிக்கும். வலி மாத்திரை இதன் நோவை மறைக்குமேயன்றி மூட்டு சிதைவதைத் தடுக்காது. சிகிச்சையைச் சில மாதங்களுக்குள் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம். இதற்கு வைத்தியர் பெரும்பாலும் எழுதும் மருந்து மெதோட்ரெக்சேற். அதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் நஞ்சாகிவிடும். ஆகவே இன்ன கிழமை என்பதையும் உறையின்மேலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.